மேம்பாலத்தில் சாய்ந்த கேஸ் டேங்கர்: தீயே எரியாத ஒரு தீயணைப்பு நாள்

2025 ஜனவரி 3, வெள்ளிக்கிழமை. விடியற்காலை மூன்று மணி வாக்கில், கொச்சியிலிருந்து சமையல் எரிவாயு ஏற்றிக்கொண்டு வந்த டேங்கர் லாரி ஒன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது, முன்னால் இழுக்கிற வண்டியிலிருந்து டேங்க் மட்டும் தனியாகக் கழன்று சாலையில் சாய்ந்தது. உள்ளே 18 டன் எரிவாயு. விழுந்த அடியில் சேதமான இடம் வழியாக வாயு கசிய ஆரம்பித்தது. அன்று பிற்பகல் கிரேன்களை வைத்து அதைத் தூக்கி, வேறு வண்டியில் பூட்டிக் கொண்டுபோனார்கள். அதுவரைக்கும் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை, ஒரு உயிரும் போகவில்லை.

பேப்பரில் வந்தது, ரெண்டு நாள் பேசினோம், பொங்கல் வந்தது, மறந்துவிட்டோம். எரிந்திருந்தால் மறந்திருக்க மாட்டோம். அதுதான் என் ஆதங்கம். சூலூர் பக்கம் ஒரு நூற்பாலையில் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறேன். பயிற்சி வகுப்பிலும் சரி, பஞ்சு எரிந்த ராத்திரிகளிலும் சரி, தீயணைப்புக்காரர்கள் பக்கத்தில் நின்று அவர்கள் வேலையைப் பார்த்திருக்கிறேன். நகரத்தில் தீயணைப்பு வீரரின் அன்றாட வேலை என்னவென்று யாராவது கேட்டால், கொழுந்துவிட்டு எரிகிற கட்டிடத்தைவிட இந்த ஜனவரி 3-ஐத்தான் நான் காட்டுவேன். அவர்கள் தினமும் செய்கிற, யாரும் எண்ணிக்கையில் சேர்க்காத வேலைகள் எல்லாம் அந்த ஒரு நாளில் ஒன்றாக வந்து நின்றன.

இடமும் நேரமும்

கோவைக்காரர்களுக்குத் தெரிந்த பாலம்தான், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். உப்பிலிபாளையத்தில் இருக்கிற பழைய மேம்பாலம் நேராக ஏறி நேராக இறங்குகிற மாதிரி கிடையாது. மேலேயே ஒரு ரவுண்டானா இருக்கிறது, அதிலிருந்து பல பக்கமும் சாலை பிரிந்து இறங்கும். அடியில் ரயில் பாதை, கொஞ்ச தூரத்தில் கோவை ஜங்ஷன், சுற்றிலும் கடை, லாட்ஜ், வீடு, பள்ளிக்கூடம். நீளமான ஒரு டேங்கர் அந்த ரவுண்டானாவில் வளையும்போது மொத்த எடையும் ஒரு பக்கமாகத் தள்ளும், உள்ளே இருப்பது திரவம் என்பதால் அதுவும் கூடவே ஒதுங்கும்.

18 டன் என்பது எவ்வளவு என்று மனதில் பதிய வேண்டுமென்றால், நம் வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ, ஆக ஏறத்தாழ 1,270 சிலிண்டர் ஒரே டேங்கில். இந்த எரிவாயு காற்றைவிட கனமானது. ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கனம், அதனால் வெளியே வந்ததும் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளம் பார்த்து இறங்கும். சம்பவம் நடந்ததோ பாலத்தின் மேல். சுற்றியுள்ள எல்லாமே அதற்குப் பள்ளம்தான். திரவமாக இருக்கும் ஒரு லிட்டர், வாயுவாக மாறினால் சுமார் 250 லிட்டராக விரியும். காற்றோடு கலந்து சுமார் 2 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்குள் இருக்கும்போது ஒரு சின்னப் பொறி போதும், மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். மூன்று மணிக்குச் சாலையில் ஆள் இல்லாதது பெரிய நல்லது. ஆனால் அது மார்கழி மாதம். நான்கரை, ஐந்து மணிக்கெல்லாம் வாசல் தெளித்துக் கோலம் போட்டு விளக்கு வைப்பார்கள், டீக்கடையில் அடுப்பு பற்றவைப்பார்கள், பால் வண்டி வரும், ஜங்ஷனுக்கு ஆட்டோக்கள் கிளம்பும். குளிர்ந்த, காற்றில்லாத விடியற்காலையில் வாயு சீக்கிரம் கலைந்து போகாது. ஆக, தீயணைப்பு வண்டிகளுக்குக் கிடைத்தது ஊர் எழுந்திருப்பதற்கு முன்னால் இருந்த ரெண்டு மணி நேரம்.

ஜங்ஷனை ஒட்டித்தான் தெற்கு தீயணைப்பு நிலையம் இருக்கிறது. நிலையம் எங்கே இருக்கிறது என்பதை நாம் யாரும் யோசிப்பதில்லை, இந்த மாதிரி நாளில்தான் அதன் அருமை தெரியும்.

தண்ணீரால் என்ன செய்தார்கள்

அன்று டிவியில் பார்த்த பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. தீயே இல்லை, அப்புறம் எதற்கு மணிக்கணக்காகத் தண்ணீர் அடித்தார்கள்?

பீய்ச்சி அடிக்கிற தண்ணீரைப் பூச்சாரலாக விரித்து வாயு மேகத்தின் ஊடே செலுத்தினால், சாரல் தன்னோடு காற்றை இழுத்துக்கொண்டு போய் மேகத்தை உடைக்கும், வாயுவின் அளவு எரியக்கூடிய வரம்புக்குக் கீழே இறங்கும். மேகம் ஒரு பக்கமாக நகர்ந்து அடுப்பு எரிகிற வீட்டுப் பக்கம் போகாமல் திரை கட்டுவதும் இந்தச் சாரல்தான். டேங்கைக் குளிர்விப்பது இன்னொரு வேலை. வெயில் ஏற ஏற உள்ளே அழுத்தம் கூடும், நனைந்துகொண்டே இருந்தால் அழுத்தம் அப்படி ஏறாது. ஒருவேளை தீப்பிடித்துவிட்டாலும், டேங்க் சூடேறி வெடிக்காமல் காப்பது தண்ணீர்தான். அதற்காகக் கண்டபடி அடித்துவிடவும் முடியாது. கீழே திரவமாகத் தேங்கி நிற்கும் எரிவாயு மேல் நேராகத் தண்ணீர் விட்டால், அதற்கு நம் பச்சைத்தண்ணீரே கொதிக்கிற வெந்நீர் மாதிரி, சடாரென்று இன்னும் வேகமாக ஆவியாகும். புரோப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி என்பதை நினைத்துப் பாருங்கள்.

எரிகிற கேஸ் கசிவுக்கும் இதேபோல ஒரு விதி உண்டு. கசிவை நிறுத்த வழி இல்லாதபோது எரிகிற சுடரை அணைக்கக் கூடாது. அணைத்தால் எரியாத வாயு சேர்ந்து வேறு எங்காவது போய்ப் பெரிதாகப் பிடிக்கும். தீயணைப்பு வீரர் ஒரு தீயை அணைக்காமல் காவல் காப்பதும் அவருடைய கடமைதான்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதே முதல் முடிவு. தீயணைப்பு வண்டியும் ஒரு எஞ்சின்தான், அதிலும் பொறி உண்டு. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நெருங்க வேண்டும். மேட்டில் நிற்க வேண்டும், பள்ளத்தில் நிற்கக் கூடாது. போலீஸ் பாலத்தின் எல்லாக் கைகளையும் மறித்துப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டது, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு அன்று விடுமுறை விட்டார்கள், எண்ணெய் நிறுவனத்திலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். இந்த ஏற்பாடு எல்லாம் நடந்து முடிகிற வரைக்கும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது தீயணைப்புக்காரர்கள் வேலை.

குழாயைப் பிடிப்பது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். 63 மில்லிமீட்டர் ஹோஸில் 7 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் வரும்போது முனையில் இருக்கும் பிராஞ்ச், அதாவது தண்ணீர் பீய்ச்சும் குழல், ஆளைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒருவர் பிராஞ்சை இடுப்போடு அணைத்துப் பிடிப்பார், பின்னால் ஒருவர் ஹோஸைத் தாங்கி அவர் முதுகோடு ஒட்டி நிற்பார். கொஞ்ச நேரத்தில் தோள் மரத்துப் போகும். தெறிக்கிற தண்ணீரில் சட்டை, பூட்ஸ் எல்லாம் ஊறிவிடும், மார்கழிக் குளிரில் அப்படியே நிற்க வேண்டும். மாற்று ஆள் வந்து கை வைத்து, பிடி உறுதியானது என்று தெரிந்த பிறகுதான் முதல் ஆள் விடலாம். வண்டிப் பக்கத்தில் பம்ப் ஆபரேட்டர் நிற்பார், அழுத்தமானியையும் தண்ணீர் மட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி. முதல் வண்டித் தண்ணீர் தீர்வதற்குள் அடுத்த வண்டியிலிருந்து இணைப்பு கொடுத்தாக வேண்டும். நடுவில் ஒரு நிமிடம் சாரல் நின்றாலும் அதுவரை கட்டிவைத்த திரை போய்விடும்.

ஒரு சாதாரணத் தீயணைப்பு வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு பிராஞ்ச் நிமிடத்துக்கு 450 லிட்டர் விடுகிறது என்று வைத்துக்கொண்டால் பத்தே நிமிடம்தான். பத்து மணி நேரம் ஒரே ஒரு குழாய் ஓட வேண்டுமென்றால் 2 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர், அதாவது 60 வண்டித் தண்ணீர். இது வெறும் பெருக்கல் கணக்குதான், சாரலாக அடிக்கும்போது செலவு குறையலாம், ரெண்டு குழாய் ஓடினால் இரட்டிப்பாகலாம். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், பாலத்துக்கு மேலே நிற்கிறவர்களைவிட தண்ணீர் நிரப்பிக்கொண்டு போய் வருகிற ஓட்டுநர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது

நம் பகுதித் தீ ஒரு தனி ரகம். திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் பஞ்சுக் குடோனும் கழிவுப் பஞ்சு மில்லும் எரியும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார். இவை இரண்டுமே வெளியே அணைந்த மாதிரி காட்டிவிட்டு உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். பஞ்சுப் பேல் ஒன்றை மேலே எவ்வளவு நனைத்தாலும் நடுவில் ஈரம் போகாது, அவ்வளவு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பட்டையை வெட்டிப் பிரித்துப் பரப்பி நனைக்க வேண்டும். ராத்திரி ஆரம்பித்தால் மறுநாள் சாயங்காலம் வரை போகும், முடித்துக் கிளம்பியவர்களை விடியற்காலையில் திரும்பக் கூப்பிடுவதும் உண்டு. 2024 ஏப்ரலில் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு பற்றியபோது நாள்கணக்கில் புகையில் நின்றார்கள். கொங்கு நாட்டுத் தீயணைப்பு வீரருக்கு மணிக்கணக்கில் நின்று ஒரே வேலையைச் செய்வது பழக்கமான விஷயம். மேம்பாலத்தில் உதவியது இந்தப் பழக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் தினசரி வேலை. காலையில் அணிவகுப்பு, ஆஜர் எடுத்தல், அதன்பின் ஒவ்வொரு வண்டியையும் கிளப்பிப் பார்ப்பது, பம்பை ஓட்டிப் பார்ப்பது, மூச்சுக் கருவியின் சிலிண்டரில் காற்று அளவு பார்ப்பது, கயிறு, ஏணி, வெட்டும் கருவி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது. ஹோஸை ஒவ்வொரு முறை உபயோகித்த பிறகும் கழுவி, தொங்கவிட்டுக் காயவைத்து, திரும்பச் சுருட்ட வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்து அடுத்த முறை அழுத்தம் தாங்காமல் கிழியும். ஹோஸ் இணைப்பின் உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், விரலை விட்டுத்தான் அது இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்க்க முடியும். அது சரியில்லையென்றால் இணைப்பிலேயே தண்ணீர் பீறிடும், முனைக்கு அழுத்தம் போய்ச் சேராது. பத்து மணி நேரம் ஒரு சாரல் அறுபடாமல் ஓடியாக வேண்டுமென்றால், அதற்கு முந்தின நாள் காலையில் யாரோ ஒருவர் அந்த வாஷரைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

மிச்ச நேரம் சும்மா இருப்பார்கள் என்று நினைப்பவர்கள் ஒரு நிலையத்து அழைப்புப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் பாம்பு, பள்ளிக்கூட மரத்தில் குளவிக்கூடு, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள், சாலையில் விழுந்த மரம், மோதிய காருக்குள் சிக்கியவர்கள். நம் ஊர்க் கிணறுகள் ஆழமானவை, பல இடங்களில் சுற்றுச்சுவரே இருக்காது. மாடு விழும், ஆடு விழும், இருட்டில் மனிதர்களும் விழுவார்கள். கயிற்றில் இறங்குகிறவருக்கு உள்ளே காற்று எப்படி இருக்கும் என்று தெரியாது, பழங்கிணற்றில் பிராணவாயு குறைந்திருந்தால் காப்பாற்றப் போனவரே மயங்கிவிடுவார். துறையின் பெயரிலேயே ‘மீட்புப் பணிகள்’ என்று இருக்கிறது, ஆனால் அந்தப் பாதிப் பெயர் நம் கண்ணில் படுவதில்லை.

அதிர்ஷ்டத்தின் பங்கு

நியாயமாகப் பேச வேண்டும். எல்லாம் திறமையால் நடந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. கோவை சம்பவத்துக்குச் சரியாக இரண்டு வாரம் முன்னால், 2024 டிசம்பர் 20 அன்று ஜெய்ப்பூர் அருகே நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்த கேஸ் டேங்கர் மேல் லாரி மோதி, வால்வுகள் உடைந்து, வாயு பரவிப் பற்றிக்கொண்டது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், வரிசையாக நின்ற வண்டிகள் எல்லாம் எரிந்தன. நமக்குப் பக்கத்தில், கண்ணூர் அருகே சாலாவில், 2012 ஆகஸ்ட் 27 இரவு டேங்கர் கவிழ்ந்து வெடித்ததில் அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் இறந்தார்கள். அந்த இரண்டு இடத்திலும் கோவையில் கிடைத்த மாதிரி அவகாசம் கிடைக்கவில்லை. கோவையில் கசிவு சின்னது, மற்றொரு வண்டி வந்து மோதவில்லை, நேரம் அகாலம். இந்த மூன்றும் நம் கையில் இருந்தவை இல்லை. கிடைத்த அவகாசத்தை வீணாக்காமல் இருந்ததுதான் நம் ஆட்களின் சாதனை, அது சின்ன சாதனை இல்லை.

இன்னமும் பாக்கி இருக்கிறவை

முதலில் லாரி. டேங்கும் இழுவை வண்டியும் சேரும் இடத்தை லாரிக்காரர்கள் டர்ன்டேபிள் என்பார்கள், அதற்குள் கிங் பின் போய்ப் பூட்டிக்கொள்ளும். மொத்தப் பாரமும் அந்த இடத்தில்தான். அதன் தேய்மானத்தையும் பூட்டையும் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் விளக்கடித்துப் பார்ப்பதை, கையெழுத்தோடு கட்டாயமாக்க வேண்டும். பாதையையும் யோசிக்கலாம். கேரளாவிலிருந்து வருகிற டேங்கருக்கு மதுக்கரையிலிருந்து நீலாம்பூர் வரை புறவழிச்சாலை இருக்கிறது. கிடங்கு நகரத்துக்குள் இருப்பதால் கடைசியில் உள்ளே வந்துதான் ஆக வேண்டும், ஆனால் நகரத்தின் நெஞ்சுக்கு நடுவே, ரவுண்டானா இருக்கிற பாலத்தின் மேல் ஏறி வர வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.

இரண்டாவது, எனக்கு அதிகக் கவலை தருவது, பாலத்தின் மேல் தண்ணீர். 2025 அக்டோபர் 9 அன்று அதே உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்டது. தினமும் போகிறேன், அருமையான பாலம். ஆனால் அதன் நடுவில் ஒரு வண்டி எரிந்து, பின்னால் நெரிசல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வண்டி எப்படி வந்து வந்து போகும்? தூண் ஒட்டி மேலே ஏறும் வெற்றுக் குழாய்களை ஆங்காங்கே அமைத்தால், கீழே சாலையில் நிற்கும் வண்டி அதில் தண்ணீர் ஏற்றலாம், மேலே ஹோஸ் பூட்டி எடுத்துக்கொள்ளலாம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம்தான் குறையும், பம்புக்கு அது பெரிய விஷயமே இல்லை. உயரமான கட்டிடங்களில் கட்டாயமாக வைப்பதுதான் இது, பாலத்துக்கும் யோசிக்கலாம்.

மூன்றாவது நாம். கேஸ் வாடையோ தரையோடு வெள்ளைப் புகையோ தெரிந்தால் வண்டியைக் கிளப்பாதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள், வாயுவை விட்டு விலகி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நடந்து போன பிறகு 101 அல்லது 112-க்குப் பேசுங்கள். டேங்கரின் பின்னால் எண்கள் எழுதிய பலகை இருக்கும், சமையல் எரிவாயுவுக்கு 1075. அது தூரத்திலிருந்தே தெரிந்தால் சொல்லுங்கள், கிளம்பும்போதே எந்தக் கருவியை எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். படம் எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள். ‘ஏனுங்கண்ணா, அடுப்பை அணைச்சுப்போட்டுக் கொஞ்சம் தள்ளிப் போயிருங்க’ என்று ஒரு தீயணைப்பு வீரர் வந்து சொன்னால், ஏன் எதற்கு என்று நின்று கேட்கிற ஒவ்வொரு நிமிடமும் குழாய்ப் பக்கம் ஒரு ஆள் குறைகிறார்.

இன்னொன்று அரசாங்கத்துக்கு. ஒவ்வொரு ஏப்ரல் 14-ம் தேதியும் தீயணைப்புச் சேவை தினம். 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தபோது இறந்த அறுபதுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக அனுசரிக்கிறோம், அனுசரிக்கத்தான் வேண்டும். அதே நாளில், முந்தின வருடத்தில் தீப்பிடிக்காமல் தடுத்த சம்பவங்களையும், அவற்றில் நின்ற நிலையங்களையும் பெயர் சொல்லிப் பாராட்டலாம். அப்படி நின்றவர்களுக்கு மாற்று உடை, சூடான சாப்பாடு, முறையான ஓய்வு சம்பவ இடத்திலேயே கிடைக்க வழி செய்யலாம்.

எங்கள் ஆலையில் இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு மாற்றம் செய்தோம். வாசலில் ஒரு பலகை வைத்து, தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம், எத்தனை லிட்டர், கேஸ் லைனை மூடும் வால்வு எங்கே, ராத்திரி ஷிஃப்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதினோம். தொட்டியில் தீயணைப்பு வண்டியின் 63 மில்லிமீட்டர் இணைப்போடு அப்படியே பொருந்துகிற வாயைப் பொருத்தி, பீளமேடு வரை போய் ஒரு பழைய ஹோஸ் இணைப்பை வாங்கி வந்து, சரியாகப் பூட்டுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறோம். உங்கள் மில், குடோன், ஹாஸ்டல் எதுவாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு, பக்கத்து நிலைய அலுவலரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள். கண்டிப்பாக வந்து பார்ப்பார்கள், அதுவும் அவர்கள் வேலைதான்.